வேலைக்கு நடுவே ஒரு நிமிடத் தியானம்

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் ஞாயிறு இதழில் தியானம் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். அதிகாலை நான்கு மணி, சத்தமில்லாத தனி அறை, ஒரு மணி நேரம் என்று எழுதியிருந்தார்கள். முடிந்தவர்களுக்கு நல்லதுதான். ஆனால் அந்த நேரத்தில் இடியப்பம் அவித்துப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு கட்டுகிற பெண்கள் என்ன செய்வது? மனம் குழம்புவது பகலில், வேலைக்கு நடுவில். அதை அமர்த்துகிற பயிற்சியும் அங்கேயே வேண்டும்.

நான் மட்டக்களப்பு நகரில் ஒரு வங்கியின் அடகுப் பிரிவில் வேலை செய்கிறேன். பெரும்போக விதைப்புக் காலம் வந்தால் கருமபீடத்துக்கு முன்னால் நிற்க இடமிருக்காது. தாலிக்கொடியைக் கழற்றித் தருகிறவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே உரைகல்லில் உரைக்க வேண்டும், நிறுக்க வேண்டும், ஒரு எழுத்துப் பிசகாமல் பதிய வேண்டும். அடுத்தவரின் நகை கைக்கு வந்த பிறகும் முன்னவரின் கவலை மனதை விட்டுப் போகாது.

ஒருவர் கையொப்பமிட்டு எழும்பியதும், அடுத்த இலக்கத்தைக் கூப்பிட முன் நான் மூன்று தரம் நிதானமாக மூச்சு விடுகிறேன். நாலு எண்ணும் வரை இழுத்தால் ஆறு எண்ணும் வரை விடுவேன். அடக்கிப் பிடிக்கத் தேவையில்லை. இழுக்கும்போது இதயத்துடிப்பு சற்றுக் கூடும், விடும்போது குறையும். உடம்பின் இயல்பே அதுதான். மணிக்கட்டில் நாடியைப் பிடித்தபடி ஆறுதலாக மூச்சு விட்டால் பலருக்கு அது கையிலேயே தெரியும். மனம் வேறெங்காவது ஓடினால் திட்டாமல் மூச்சுக்குத் திரும்பி வர வேண்டும், அவ்வளவுதான். காத்தான்குடியில் இருந்து வருகிற என் சக உத்தியோகத்தரும் செய்கிறார். தொழுகை அவருக்கு வேறு, இது வேறு. எந்தச் சமயத்தவரும் தயங்கத் தேவையில்லை.

வேலை முடிந்து கல்லடிப் பழைய பாலத்தால் நடந்து வீடு போகும்போது கைத்தொலைபேசியைப் பைக்குள் வைத்துவிடுவேன். பாதம் படுவதும் வாவிக் காற்று முகத்தில் அடிப்பதும் மட்டுமே கவனம். இதுவும் தியானம்தான்.

முக்கியமாக ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் 2004 சுனாமியில் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் இருக்கிறார்கள். யுத்தத்தில் காணாமல் போனவர்களை இன்னும் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் "கண்ணை மூடி உள்ளே பாருங்கள்" என்று சொன்னால் சிலருக்கு அமைதிக்குப் பதில் அந்த நாளே திரும்பி வரும். நாவலடியில் இருந்து வந்த ஒரு அக்கா அப்படி நடுங்கியதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அவர்களை வற்புறுத்தவே கூடாது. கண்ணைத் திறந்தபடி, பாதம் தரையில் ஊன்றுவதைக் கவனிக்கலாம்; காதில் விழுகிற ஓசைகளை ஒவ்வொன்றாகக் கேட்கலாம். அதுவும் பாரமாக இருந்தால் நிறுத்திவிட வேண்டும். நித்திரையில்லாமல், சாப்பாடு இறங்காமல் தவிப்பவர்களுக்கு மூச்சுப் பயிற்சி மட்டும் போதாது. அரச வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்குப் பேசலாம்.

2024 இல் ஐக்கிய நாடுகள் சபை டிசம்பர் 21 ஐ உலக தியான தினமாக அறிவித்தது. அந்தத் தீர்மானத்தைக் கொண்டுவந்த நாடுகளில் இலங்கையும் ஒன்று. அப்படியிருக்க, எங்கள் அலுவலகங்களும் பாடசாலைகளும் காலையில் வேலை தொடங்க முன் இரண்டு நிமிடம் ஒதுக்கினால் என்ன? விரும்பியவர்கள் செய்யட்டும், மற்றவர்கள் சும்மா இருக்கட்டும்.

அடுத்த முறை தியானம் பற்றி எழுதும்போது, மீன் சந்தையில் இருப்பவரும் பஸ் நடத்துநரும் நின்ற இடத்திலேயே செய்யக்கூடிய பயிற்சிகளையும் சேர்த்துப் போடுங்கள். இங்குள்ள மனநல வைத்தியர் ஒருவரிடம் கேட்டு எழுதினால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
வங்கி உத்தியோகத்தர் ஒருவர்,
கல்லடி, மட்டக்களப்பு