அம்மாவையும் கூட்டிக்கொண்டு வருகிறேன், பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். போனில் நீ "ம், சரிப்பா, கிளாஸ் இருக்கு" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். நான் சொல்லச் சொல்லத் தம்பி டைப் பண்ணி அனுப்புகிறேன் என்றான். வேண்டாம் என்றுவிட்டேன். சம்பல் போத்தலோடு இதையும் பார்சலில் வைத்திருக்கிறேன்.

சாப்பாட்டை விடாதே. மகாபொல உதவித்தொகைக் காசு பிந்தினால் எனக்கு ஒரு வார்த்தை சொல், யாரிடமும் கடன் வாங்காதே. பகிடிவதை, ராகிங் என்று யாராவது தொந்தரவு கொடுத்தால் மனதுக்குள் வைத்துக்கொண்டு அழாதே. 1998லேயே அதற்கென்று தனிச் சட்டம் வந்துவிட்டது. சாப்பாட்டை மட்டும் விடாதே.

தீபாவளிக்கு வரவில்லை, பரீட்சை என்றாய். சரி. பொங்கலுக்கும் வரவில்லை. உன் பங்கை அம்மா ராத்திரி வரைக்கும் மூடி வைத்திருந்தாள்.

தம்பி ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டான் இல்லையா. அக்காவைக் கூட்டிப் போன மாதிரி என்னையும் கேம்பஸ் பார்க்கக் கூட்டிப் போங்க என்று ஒரே பிடியாக நின்றான். முதலில் பதுளைக்குப் போனோம். ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் 2005இல் தொடங்கியதாம், கட்டடமெல்லாம் புதுசு. அங்கே தேயிலைத் தொழினுட்பத்துக்கே ஒரு பட்டப்படிப்பு இருக்கிறது, பாப்பா. கொழுந்தை வாட்டி, ரோலரில் அரைத்து, புளிக்கப் போட்டு, பச்சை வாசம் போய்ப் பழ வாசம் ஏறுகிற நேரம் பார்த்து அடுப்புக்கு அனுப்புகிறோமே, அதைத்தான் பிள்ளைகள் படிக்கிறார்கள். நம்ம தேயிலை ஃபேக்டரி ஸ்டோரில் 26 வருஷமாக நான் மூக்கை வைத்துச் சொல்கிற விஷயம். "நீங்க செய்றதைத்தாம்ப்பா இவங்க படிக்கிறாங்க" என்று தம்பி சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. திரும்பி வருகிற ரயில் கோச்சியில் நானுஓயா வரைக்கும் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

அப்புறம் நீ படிக்கிற பேராதனைக்கும் போனோம். இதை உனக்குச் சொல்லவில்லை.

கலஹா சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தோம். அந்த மரங்களும், மேலே ஹந்தானையில் மூட்டமும், கீழே மகாவலியும் அப்படியேதான் இருக்கின்றன. 1942இல் கொழும்பில் தொடங்கிய பல்கலைக்கழகம் 1952இல் இங்கே வந்த கதையைத் தம்பிக்குச் சொன்னேன். இந்த ரோட்டிலேயே கலஹாவைத் தாண்டி மேலே போனால் லூல்கந்துரை, 1867இல் முதல் தேயிலைத் தோட்டம் போட்ட இடம் என்றும் காட்டினேன். நம்ம சனம் கூடை தூக்கிய மலைக்குப் போகிற ரோட்டில் என் மகள் புத்தகத்தோடு நடக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அவன் பொறியியல் பீடத்தைப் பார்க்க வேண்டும் என்றான். ஆற்றுக்கு அந்தப் பக்கம். பாலத்தடிக்கு வந்தபோதுதான் உன்னைக் கண்டோம்.

அம்மா வாங்கித் தந்த நீலக் குடையை வைத்துத் தம்பிதான் அடையாளம் பிடித்தான். உன்னோடு மூன்று பிள்ளைகள். ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டு போனாய். அவன் "அக்கா" என்று கூப்பிட வாயைத் திறந்தான். நான் அவன் கையைப் பிடித்து மரத்துக்குப் பின்னால் இழுத்துவிட்டேன். ஏன் என்று கேட்டான். நான் பதில் சொல்லவில்லை. நீ பார்த்தாயா, பாப்பா? பார்த்திருந்தாலும் பரவாயில்லை.

போன மாதம் நான் வருகிறேன் என்றதற்கு "உள்ள வராதீங்கப்பா, டவுன்ல சந்திப்போம்" என்றாய். அதற்கு முன்னால் ஒருநாள் உன் சிநேகிதிப் பிள்ளை போனை எடுத்து, "அங்கிள், நீங்க ஹட்டன் டவுன்தானே?" என்று கேட்டது. தோட்டம் என்று சொல்லாமல், நான் ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

உன்னைக் கேட்க வேண்டும் என்று எத்தனையோ நாள் நினைத்தேன். கேட்க வாய் வரவில்லை. இந்தப் பழக்கத்தை உனக்குக் காட்டியதே நான்தான்.

உன்னை முதன்முதலாகப் பேராதனை பார்க்கக் கூட்டிப் போனோமே, அதற்கு முதல் நாள் இரவே அம்மா அந்த மெரூன் சேலையை மடித்து வைத்திருந்தாள். "ஒரு நாள் பேர் போய்விடும், கூலி வராது, நீ மலைக்குப் போ" என்று நிறுத்தினேன். பேருக்காக இல்லை. கொழுந்துக் கறை ஏறிய விரலோடு அவள் அங்கே நம்மோடு நடந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று நினைத்தேன். இருபது வருஷத்துக்கு மேல் என்னோடு வாழ்ந்தவளை. அவள் ஒன்றும் சொல்லாமல் சேலையைத் திரும்பப் பெட்டியில் வைத்தாள். அப்புறம் வேனில் மகனோடு வந்திருந்த அந்த மனிதர் எனக்கு எங்கே வேலை என்று கேட்டார். "தலவாக்கலையில் ஆபீஸில்" என்றேன். நீ பக்கத்தில் நின்றாய். என் முகத்தைப் பார்த்தாய், பிறகு உன் செருப்பைப் பார்த்தாய். திரும்பும்போது கம்பளை வரைக்கும் நீ பேசவில்லை. நானும் பேசவில்லை. என்னை மன்னித்துக்கொள்.

நம்ம லயத்து வீடுகளில் இருந்து கேம்பஸ் போன முதல் பிள்ளை நீ. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக்காம்பரா ஆயா இன்றைக்கும் சின்னப் பிள்ளைகளிடம் உன் பெயரைத்தான் சொல்கிறாள். ஆனால் பொங்கலுக்கு வராமல் இருந்தது தப்பு. பெருமையையும் சொல்கிறேன், தப்பையும் சொல்கிறேன். அம்மாவிடம் இதில் ஒன்றையும் நான் பேசவில்லை. நீ படிக்கிறாய், நேரமில்லை என்றுதான் அவள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

வருகிற பௌர்ணமி போயா அன்று அம்மாவுக்கு வேலை இல்லை. மூன்று பேரும் வருகிறோம். கேம்பஸுக்குள்ளே இருக்கிற குறிஞ்சிக்குமரன் கோயிலில் அவளுக்கு உன் பேரில் ஒரு நேர்த்தி இருக்கிறது. இந்த முறை வாசலில் யார் கேட்டாலும் நான் ஸ்டோரில் வேலை, இவள் கொழுந்து எடுக்கிறாள் என்றுதான் சொல்லப் போகிறேன். மலை இறங்கி ஏறி அம்மாவுக்கு முழங்கால் வலி கூடிவிட்டது, கோயிலுக்கு ஏறும்போது நீ கையைப் பிடித்துக்கொண்டால் நல்லது. சிநேகிதப் பிள்ளைகளையும் கூட்டி வா. அம்மா ரொட்டி சுட்டுக்கொண்டு வருவாள். எத்தனை பேர் என்று மட்டும் முதல் நாளே சொல்லிவிடு, மா பிசைய வேண்டும்.

சாப்பிடு.

அப்பா