சுவருக்குள் இருக்கும் பழைய காப்பர் பைப்

அன்பு மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. தங்கச்சியும் பிள்ளைகளும் சுகம் என்று படித்ததில் சந்தோஷம். கீழக்கரையில் எல்லாரும் நலம். ஜூன் 14-ஓடு மீன்பிடித் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கடலுக்குப் போய்விட்டன. கச்சான் காற்று ஓங்கி அடிக்கிறது. சன்னல் கம்பியைத் தொட்டால் விரலில் உப்பு ஒட்டுகிறது.

தேவிபட்டினம் வீட்டு ஏசி விஷயத்துக்கு வருகிறேன். ஆர்22 கேஸில் ஓடும் பழைய ஸ்பிளிட் இரண்டையும் கழற்றிவிட்டு ஆர்32 கேஸ் இன்வெர்ட்டர் போடப்போவது நல்ல முடிவு. 2025 ஜனவரி 1 முதல் ஆர்22 நிரப்பிய புது ஏசியை நம் நாட்டில் தயாரிக்கத் தடை. அந்த கேஸும் வரவர அரிதாகும். இண்டோருக்கும் அவுட்டோருக்கும் நடுவே கேஸ் போக சுவருக்குள் புதைத்த காப்பர் பைப்பைப் பற்றி ஒரு மெக்கானிக் "அதுவே போதும்" என்றார், இன்னொருவர் "சுவரை உடைக்கணும்" என்றார் என எழுதியிருந்தாய். இரண்டு பேருமே பைப்பைத் தொட்டுப் பார்க்காமல் சொல்லியிருக்கிறார்கள். நம் கடற்கரையில் சுவருக்குள் ஃபோம் போர்த்திக் கிடக்கும் காப்பர் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். கெடுவது வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முனைகளும் நட்டுகளும்தான். ஆனால் உன் சுவருக்குள் என்ன இருக்கிறது என்பதைச் சோதித்துத்தான் சொல்ல முடியும். ஒரு பகலும் ஒரு இரவும் போதும்.

பழைய அவுட்டோரைக் கழற்றுவதிலிருந்தே கவனம் வேண்டும். கம்ப்ரெசர் ஓடுகிற நிலையில் இருந்தால் முதலில் அரை மணி நேரம் கூலிங்கில் ஓடவிடச் சொல். பைப்பில் தங்கிய ஆயில் கேஸோடு சேர்ந்து கம்ப்ரெசருக்குத் திரும்பும். அதன்பின் மெல்லிய பைப்பின் லிக்விட் வால்வை அடைத்து, அழுத்தம் காட்டும் கேஜில் தடித்த சக்ஷன் பைப்பின் அழுத்தம் பூஜ்யத்தை நெருங்கும்போது சக்ஷன் வால்வையும் அடைத்து, உடனே நிறுத்த வேண்டும். பூஜ்யத்துக்குக் கீழே இழுக்க விடாதே. எங்காவது ஓட்டை இருந்தால் காற்று உள்ளே போய் ஆயிலோடு கலந்து கம்ப்ரெசர் வெடித்துவிடும். கம்ப்ரெசர் செத்த பெட்டி என்றால் கேஸை உறிஞ்சிச் சிலிண்டரில் பிடிக்கும் ரெகவரி மெஷின் கொண்டுவரச் சொல். ஆர்22 ஓசோனைத் தின்னும் கேஸ். நட்டைத் தளர்த்தி அதைக் காற்றில் விட்டுவிடுகிற வழக்கத்துக்கு இடம் கொடுக்காதே.

பெட்டி இறங்கியதும் வெளி முனையில் இருக்கும் டேப்பைப் பிரித்துப் பார். நட்டுக்கும் ஃபோமுக்கும் நடுவில் காப்பர் வெறுமையாக இருக்கும் அந்த இரண்டு விரல் இடத்தில்தான் உப்பு சேரும். பச்சை மாவு படிந்திருக்கும். அதை எமரித் தாளால் துடைத்தால் அடியில் ஊசி குத்தினாற்போல் பள்ளங்கள் தெரியும். நல்ல உலோகம் தெரியும் வரை பின்னால் போய் வெட்டு. சுவர் வாய்க்கு உள்ளேயும் பச்சை தொடர்ந்தால் ஃபோம் மக்கி, வேர்வைத் தண்ணீர் பைப்பிலேயே நின்றிருக்கிறது என்று அர்த்தம். சுவரில் பைப் போகும் தடத்திலேயே நீளமாகப் பெயிண்ட் உரிந்திருந்தாலும் அதே கதைதான். உப்புத் தண்ணீரில் குழைத்த பூச்சு ஈரமான காப்பரைத் தொட்டுக்கொண்டே இருந்தால் பள்ளம் விழாமல் இருக்காது. பித்தளை நட்டில் மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்றும் பார். கழிவறைக் குழாய், மீன் கழிவு போடும் இடம் பக்கத்தில் இருந்தால் அங்கிருந்து எழும் அமோனியா பித்தளையை வெடிக்க வைக்கும்.

வெட்டிய துண்டைத் தூக்கி எறிந்துவிடாதே. அதில் பள்ளமில்லாத பக்கமாகச் சரியாக 10 செ.மீ. அளந்து எடுத்து, எமரி போட்டுத் துடைத்து, கடைத்தெருவில் நகைக்கடைத் தராசில் நிறுத்துப் பார். அரை இன்ச் பைப்பாக இருந்து 26, 27 கிராம் காட்டினால் பைப்பின் தகட்டுக் கனம் 0.8 மி.மீ. இருக்கிறது. 19 கிராம் பக்கம் வந்தால் அது 24 கேஜ் கனம், அதாவது அரை மி.மீ.-க்குச் சற்று மேல். அதை அப்போதே கைவிட்டுவிடு. கண்டென்சர், அதாவது அவுட்டோரில் சூட்டை வெளிவிடும் சுருள், 50 டிகிரியில் இருக்கும்போது ஆர்22-க்கு அழுத்தம் சுமார் 265 பி.எஸ்.ஐ. அதே சூட்டில் ஆர்32-க்குச் சுமார் 440. ஒன்றரை மடங்குக்கு மேல். ஆர்22 காலத்தில் மெல்லிய பைப் தாக்குப்பிடித்தது என்பதால் இதிலும் தாக்குப்பிடிக்கும் என்று நம்பக்கூடாது.

துண்டை எடை போட்ட பிறகு அதை நீளவாக்கில் ரம்பத்தால் பிளந்து உள்ளே பார். மெல்லிய ஆயில் பூச்சோடு செம்பு நிறமாகப் பளபளத்தால் நல்லது. நகத்தால் சுரண்டினால் கறுப்புச் செதில் வருகிறதென்றால், முதலில் போட்ட ஆள் நைட்ரஜன் ஓடவிடாமல் வெல்டிங் அடித்திருக்கிறார். அந்தச் செதில் புது இன்வெர்ட்டரில் கேஸை அளந்து விடும் எக்ஸ்பான்ஷன் வால்வை அடைக்கும். அடுத்து, ஒரு முனையில் வெள்ளைத் துணியைக் கட்டி மறு முனையில் நைட்ரஜன் ஊதச் சொல். இளம் மஞ்சள் ஆயில் வந்தால் பயமில்லை. கறுத்து, கருகல் வாடையோடு வந்தால் பழைய கம்ப்ரெசரின் மோட்டார் வைண்டிங் எரிந்து அமிலம் பைப்பில் இறங்கியிருக்கிறது. நான் அந்தப் பைப்பைத் தொடவே மாட்டேன்.

ஆயில் நல்லதாக இருந்தாலும் அதை உள்ளே விட்டுவைக்கக் கூடாது. ஆர்22 பெட்டியில் இருப்பது மினரல் ஆயில். அது ஆர்32-ஓடு கலக்காது. ஒட்டிக்கொண்டு அங்கங்கே தேங்கும். ஏசிக்கென்றே விற்கும் ஃப்ளஷ் திரவத்தை ஊற்றி, நைட்ரஜனால் தள்ளி, துணியில் கறை விழாத வரைக்கும் திரும்பச் செய்யணும். பைப் சுவருக்குள் 'யூ' மாதிரி கீழே இறங்கி ஏறினால் அந்தப் பள்ளத்தில்தான் ஆயில் நிற்கும். அங்கே கூடுதலாக ஊத வேண்டும். பெட்ரோல், தின்னர் எதையும் விட விடாதே.

இனி அழுத்தச் சோதனை. இதைத்தான் யாரும் முழுதாகச் செய்வதில்லை. பைப்பின் ஒரு முனையை அடைத்து, மறு முனையில் கேஜோடு நைட்ரஜன் கொடுக்கணும். முதலில் 75 பி.எஸ்.ஐ., ஐந்து நிமிடம். பிறகு 220. பிறகு படிப்படியாக 600. அங்கே சிலிண்டரை அடைத்துவிட்டு 24 மணி நேரம் விட்டுவிடு. இண்டோர், அவுட்டோர் எதிலும் பைப் இணைந்திருக்கக் கூடாது. அடைத்த முனைக்கு நேரே யாரும் நிற்க வேண்டாம், பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதே. நிறைந்த சிலிண்டருக்குள் 2,000 பி.எஸ்.ஐ.-க்கு மேல் இருக்கும். ரெகுலேட்டர் இல்லாமல் திறக்கவே கூடாது. நைட்ரஜன் இல்லை என்று யாராவது ஆக்ஸிஜன் சிலிண்டரைக் கொண்டுவந்தால் அந்த நிமிடமே வேலையை நிறுத்து. ஆயில் தடவிய பைப்பில் ஆக்ஸிஜன் ஏறினால் குண்டு மாதிரி வெடிக்கும், உயிர் போகும். டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரெசரும் வேண்டாம், அதில் ஈரம் வரும்.

மறுநாள் அதே நேரத்தில் கேஜைப் பார். பகல் 35 டிகிரியில் 600 இருந்தது விடிகாலை 25 டிகிரியில் 580 காட்டும். அது வெப்பம் இறங்கியதால் வந்த குறைவு, ஓட்டை இல்லை. அதே சூட்டில் மறுபடி 600-க்கு வராவிட்டால்தான் கசிவு. முதலில் முனைகளுக்குச் சோப்புத் தண்ணீர் வைத்துப் பார். அங்கே குமிழி இல்லாமல் அழுத்தம் இறங்கினால் சுவருக்குள்தான். சுவரைக் கொத்தித் தேடாதே. ஓர் ஓட்டையை அடைத்தால் அடுத்தது ஆறு மாதத்தில் வரும். புதைத்ததை அப்படியே விட்டுவிட்டு, வெளிச் சுவரில் பி.வி.சி. கேஸிங் போட்டுப் புது பைப் ஓட்டு. உண்மையில் கடற்கரை வீட்டில் எனக்கு அதுதான் பிடித்த முறை. கண்ணால் பார்க்கலாம், கையால் தொடலாம், பத்து வருஷம் கழித்து அரை நாளில் மாற்றலாம்.

அளவு சரிதானா என்பதையும் இப்போதே பார்த்துவிடு. ஒன்றரை டன்னுக்கு லிக்விட் கால் இன்ச், சக்ஷன் அரை இன்ச் என்பது பரவலாக வரும் அளவு. ஆனால் பழையதில் சக்ஷன் அஞ்சு நூலாகவும், புது ஒரு டன்னில் மூணு நூலாகவும் இருக்கலாம் (எட்டு நூல் ஒரு இன்ச்). கையேட்டில் சொன்ன அளவுக்குப் பைப் ஒத்துப்போகாவிட்டால் அளவு மாற்றும் ரெடியூசர் போட்டு ஒப்பேற்றுவதை நான் ஏற்க மாட்டேன். அந்த அளவுக்கு அனுமதி உண்டு என்று கம்பெனியே எழுதியிருந்தால் மட்டும் சரி.

எல்லாம் தேறிவிட்டால் இணைப்பு. நட்டுக்குள் உட்கார விரித்து அடித்த பைப் வாயான பழைய ஃப்ளேரை மறுபடி பயன்படுத்தவே கூடாது. ஆர்22-க்கு அடித்த அரை இன்ச் ஃப்ளேர் சற்றுச் சின்னது, அதற்கான நட்டு 24 மி.மீ. ஆர்32-க்கு ஃப்ளேர் விட்டம் 16.6 மி.மீ., நட்டு 26. அதனால் பெட்டியோடு வந்த நட்டுதான் போக வேண்டும். முனை வெகுநாள் அதிர்ந்து கெட்டிப்பட்டிருந்தால் ஃப்ளேர் அடிக்கும்போதே உதடு பிளக்கும். எனவே சுவருக்கு வெளியே, கைக்கெட்டும் இடத்தில், பழைய பைப்போடு ஒரு மீட்டர் புதுப் பைப்பை வெல்டிங் அடித்து, அந்தப் புது முனையில் ஃப்ளேர் அடிக்கச் சொல். வெல்டிங் இணைப்பு சுவருக்குள் புதையக் கூடாது.

பற்றவைக்கும் முன் பைப்பில் துளி கேஸ் இருக்கக் கூடாது. கேஸ் தீயில் பட்டால் விஷப் புகை வரும். பழைய முனையை எமரியால் தேய்த்து ரோஜா நிறம் வர வைத்து, உலர்ந்த துணியால் துடைக்கணும். ஒன்றுக்குள் ஒன்று அரை இன்ச்சாவது நுழைய வேண்டும். காப்பருக்குக் காப்பர் என்றால் பாஸ்பரஸ் கலந்த சில்பாஸ் ராடு போதும், ஃப்ளக்ஸ் தேவையில்லை. பித்தளை சேர்ந்தால் வெள்ளி அதிகமுள்ள ராடும் ஃப்ளக்ஸும் வேண்டும். அடிக்கும்போது மறு முனையில் மூச்சுவிடும் அளவுக்கு நைட்ரஜன் வெளியேறிக்கொண்டே இருக்கணும், பைப் ஆறும் வரை. இரண்டு நிமிட வேலைக்கு எதற்கு என்பார்கள். முன்னே சொன்ன கறுப்புச் செதில் அந்த இரண்டு நிமிடத்தில்தான் உண்டாகிறது. சுவர்ப் பக்க ஃபோமுக்கு ஈரத்துணி சுற்றச் சொல்.

ஃப்ளேர் நட்டை முறுக்கு அளவு காட்டும் டார்க் ரெஞ்சால் முறுக்க வேண்டும். கால் இன்ச்சுக்கு 14 முதல் 18 நியூட்டன் மீட்டர், அரை இன்ச்சுக்கு 49 முதல் 61. கைபலத்தை நம்பி முறுக்கினால் கால் இன்ச் நசுங்கும், அரை இன்ச் தளர்வாகவே நிற்கும்.

இணைத்ததும் மறுபடி நைட்ரஜன் சோதனை, பிறகு வேக்கம், அதாவது பம்பால் காற்றையும் ஈரத்தையும் இழுத்தெடுப்பது. கொஞ்சம் கேஸைத் திறந்து காற்றை வெளியே தள்ளும் குறுக்குவழி ஆர்32-க்கு ஆகாது. அது தீப்பற்றக்கூடிய கேஸ். மேலும் புதுப் பெட்டியின் ஆயில் ஈரத்தை உறிஞ்சி அமிலமாக மாறும். நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்? மைக்ரான் கேஜ் வைத்து 500 மைக்ரானுக்குக் கீழே இறக்கி, பம்பை அடைத்துவிட்டுப் பத்து நிமிடம் பார்க்கணும். ஆயிரத்தைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் ஈரமோ கசிவோ மிச்சமிருக்கிறது. கடிகாரம் பார்த்து நிறுத்துகிற ஆளை அனுமதிக்காதே. பெட்டியில் வரும் கேஸ் குறிப்பிட்ட நீளத்துக்குத்தான், பல கம்பெனியில் 5 மீட்டர். அதற்கு மேல் மீட்டருக்கு 20 கிராம் என்பது கால் இன்ச் லைனுக்குப் பரவலான கணக்கு. உன் கையேட்டில் உள்ளதையே எடு, தராசில் வைத்தே ஏற்று.

ஃபோம் இரண்டு பைப்புக்கும் தனித்தனியாக, 19 மி.மீ. கனத்தில், நட்டு வரைக்கும். இரண்டும் குளிரும், இரண்டும் வேர்க்கும். வெளியே இருக்கும் நட்டுகளுக்கு வாஸலின் மாதிரிப் பசை ஊறிய பெட்ரோலேட்டம் டேப் சுற்றி மேலே ஃபோம் போடு. பைப்பை நேராக இரும்புக் கிளாம்பில் கட்டாமல் நடுவில் ரப்பர் வை. ஸ்டாண்டின் போல்ட் 316 ஸ்டீலில் வாங்கு. 304 இங்கே பழுப்புப் புள்ளி விடும்.

அவுட்டோரைக் கிழக்குச் சுவரில், நவபாஷாணக் கடலைப் பார்த்து வைக்கப்போவதாக எழுதியிருந்தாய். அதை மட்டும் மாற்று. மன்னார் வளைகுடாப் பக்கம் இருக்கிற எங்களுக்குக் கச்சான்தான் தொல்லை. பாக் விரிகுடாப் பக்கம் இருக்கிற உங்களுக்கு ஐப்பசி முதல் வாடைக்காற்றும் கொண்டல்காற்றும் நேரே மோதும். கண்டென்சரில் காப்பர் குழாயில் கோத்த அலுமினியத் தகடு உப்பு ஈரத்தில் காப்பருக்குப் பதிலாகத் தன்னைக் கரைத்துக்கொள்ளும். இரண்டே மழைக்காலத்தில் மாவாக உதிர்ந்து பார்த்திருப்பாய். எதிர்க்காற்று ஃபேனையும் தள்ளும், அழுத்தம் ஏறும். மேற்குச் சுவரில் சன்ஷேடுக்குக் கீழே வை. வெயில் படும்தான், ஆனால் உப்பைவிட வெயில் மேல். பைப் இரண்டு மீட்டர் கூடினால் கூடட்டும்.

மாதம் ஒரு தடவை கரண்ட்டை நிறுத்திவிட்டு, காவிரித் தண்ணீர் வரும் நாளில் ஒரு குடம் எடுத்து, கண்டென்சரை மேலிருந்து கீழாக மெதுவாகக் கழுவு. போர் தண்ணீர் வேண்டாம், அது உப்பின் மேல் உப்பு. வீட்டைப் பூட்டிவிட்டுப் போகும் நாட்களில் பக்கத்து வீட்டுத் தம்பியிடம் சொல்லிவைத்தால் செய்துகொடுப்பான்.

புதுப் பெட்டியின் கையேட்டில் பைப் அளவும் நீளமும் போட்ட பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பு. 10 செ.மீ. துண்டின் எடையையும் எழுது. பார்த்துவிட்டுப் பைப்பை வைக்கலாமா வேண்டாமா என்று சொல்கிறேன். தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உன்,
கீழக்கரை மாப்ளே