ஞாயிறுக்கு அப்புறம் புதன்: லண்டனிலிருந்து அப்பாவுக்கு

கிழக்கு லண்டன்,
அக்டோபர்

கர்த்தருக்குள் அன்பான அப்பாவுக்கும் அம்மாவுக்கும் உங்கள் மகள் எழுதிக்கொள்வது.

தேவ கிருபையால் நானும் உங்கள் மருமகனும் பிள்ளையும் நல்ல சுகம். அம்மாவின் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? மாத்திரையை நிறுத்திவிட்டு எண்ணெய் மட்டும் தேய்ப்பதாகத் தம்பி சொன்னான். எண்ணெய் தேய்க்கட்டும், மாத்திரையையும் போடச் சொல்லுங்கள்.

போன வாரம் போனில், "அங்க கோயிலெல்லாம் காலியாகி வீடாவும் கடையாவும் மாறிட்டாமே, நீ போற கோயில்லயாவது ஆவிக்குரிய காரியம் ஏதாவது நடக்குதாம்மா?" என்று கேட்டீர்கள். டியூட்டிக்குக் கிளம்பும் நேரம், ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டேன். போனில் சொன்னால் பாதியில் உங்களுக்கும் எனக்கும் வாக்குவாதம் ஆகிவிடும் என்பதால் எழுதுகிறேன்.

நீங்கள் கேள்விப்பட்டது பொய் இல்லை. எங்கள் ஆலயத்தில் ஐந்நூறு பேர் உட்காரலாம், ஞாயிறு காலையில் வருவது அறுபது எழுபது பேர்தான். அதில் பாதிப் பேருக்கு மேல் என்னைப் போல வேறு தேசத்திலிருந்து வந்தவர்கள்: நைஜீரியா, கானா, ஜமைக்கா, கேரளா. பிரசங்கம் பன்னிரண்டு நிமிஷம். யாரும் கை தட்டுவதில்லை, சாட்சி சொல்வதில்லை. ஆராதனை நடத்துவது ஒரு பெண் குருவானவர். இங்கிலாந்து சபையில் 1994 முதலே பெண்களுக்குக் குருப்பட்டம் கொடுக்கிறார்கள். அம்மாவுக்கு இது பிடிக்கும், உங்களுக்குப் பழகக் கொஞ்ச நாள் ஆகும்.

ஆனால் நற்கருணை ஆராதனையின் ஒழுங்கு நம்முடையதை ஒட்டித்தான் வருகிறது. நற்கருணைக்கு முன்னால் "சமாதானம்" என்று சொல்லி ஒருவருக்கொருவர் கை கொடுக்கிறோம் அல்லவா, இங்கேயும் உண்டு. ஒரு நாள் குருவம்மாவிடம் இதைப் பற்றிப் பேசியபோது, இந்த வழக்கத்துக்கு உங்கள் சபைக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும் என்றார். 1947-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவாகி, 1950-இல் புது நற்கருணை ஒழுங்கை வெளியிட்டபோது, சபையார் எல்லாரும் ஒருவருக்கொருவர் சமாதானம் கொடுக்கும் பழைய முறையை நம் ஆட்கள் திரும்பக் கொண்டுவந்தார்களாம். மேல்நாட்டுச் சபைகள் பலவும் அதைப் பார்த்துத்தான் பிறகு தங்கள் ஒழுங்குகளில் சேர்த்துக்கொண்டன. இதை அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் நீங்கள் தாராளமாகச் சொல்லலாம்.

எங்கள் ஆலயக் கூடத்தில் புதன்கிழமைதோறும் உணவு வங்கி நடக்கிறது. ஞாயிறு காலையில் எனக்குச் சமாதானம் கொடுக்கிற கைகளில் ஒன்று புதன்கிழமை அரிசிப் பையை வாங்க வருகிற கை. அதே மனுஷி. மூன்று நாள் முன்னால் "சமாதானம்" என்று சொல்லிக் கை கொடுத்துவிட்டு, புதன்கிழமை மேஜைக்கு அந்தப் பக்கம் அவரை நிற்க வைத்து மேலும் கீழும் பார்க்க முடியவில்லை. ஞாயிறு ஆராதனையால் எனக்கு என்ன ஆயிற்று என்று கேட்டால், முதலில் இதைத்தான் சொல்வேன்.

உணவு வங்கி என்றால் என்ன என்று அம்மா கேட்பார்கள். இங்கே கையில் காசில்லாமல் தவிக்கிறவர்களுக்கு டாக்டரோ, பள்ளிக்கூடமோ, ஆலோசனை மையமோ ஒரு சீட்டு எழுதிக் கொடுக்கும். அதைக் கொண்டுவந்தால் மூன்று நாளைக்குத் தேவையான சாப்பாட்டுச் சாமான் கொடுப்போம்: அரிசி, பாஸ்தா, டின் மீன், டின் பீன்ஸ், கெடாத பால், டீத்தூள், பிள்ளை இருந்தால் டயப்பர். டிரஸல் என்ற கிறிஸ்தவ அமைப்பு 2000-இல் சாலிஸ்பரி ஊரில் ஆரம்பித்தது இன்று நாடு முழுக்கப் பரவியிருக்கிறது. பெரும்பாலும் ஆலயக் கூடங்களில்தான் நடக்கிறது. 2023-24-ஆம் ஆண்டில் மட்டும் அவர்களுடைய உணவு வங்கிகள் 31 லட்சத்துக்கும் மேற்பட்ட பொட்டலங்கள் கொடுத்திருக்கின்றன. இவ்வளவு பணக்கார தேசத்திலா என்றுதானே கேட்கிறீர்கள்? நானும் அப்படித்தான் கேட்டேன். வேலை போனவர் அரசாங்க உதவிக்கு மனுப் போட்டால் முதல் பணம் கைக்கு வர ஐந்து வாரம் ஆகும். வீட்டு வாடகை சம்பளத்தில் பாதியைத் தின்றுவிடும். வருகிறவர்களில் வேலைக்குப் போகிறவர்களும் நிறைய. எங்கள் ஆஸ்பத்திரியில் துப்புரவு செய்யும் அம்மா ஒருவரை அங்கே பார்த்தேன்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது கெட்டில் பொட்டலம். அடுப்பு இல்லாத ஒற்றை அறையில் இருக்கிறவர்களுக்கும், கேஸுக்குக் காசு போட முடியாதவர்களுக்கும், வெந்நீர் மட்டும் ஊற்றிச் சாப்பிடக்கூடிய சாமான்களாகத் தனியாகக் கட்டி வைப்பது. நூடுல்ஸ், சூப் பொடி, உடனடி ஓட்ஸ். முதல் தடவை அதைக் கட்டியபோது நம் வீட்டு விறகடுப்பு ஞாபகம் வந்தது. நாம் ஏழைகளாக இருந்த காலத்தில்கூட அடுப்பு இருந்தது.

நம் ஊர்ப் பக்கத்துப் பையன் ஒருவனும் வந்தான். படிக்க வந்தவன், பெயர் வேண்டாம். மாணவர் விசாவில் வந்தவர்களுக்கு அரசாங்க உதவி கிடையாது. ஏஜெண்டு சொன்ன பகுதி நேர வேலை கிடைக்கவில்லை, கல்லூரிக்கு அடுத்த தவணை கட்ட வேண்டும். மேஜைக்குப் பின்னால் என்னைப் பார்த்ததும் திரும்பி வாசலுக்குப் போய்விட்டான். பின்னாலேயே போனேன். "அக்கா, ஊர்ல யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்றான். உள்ளே கூட்டி வந்து பாஸ்தாவை எடுத்துவிட்டு அரிசியும் பருப்பும் கூடுதலாக வைத்துக் கொடுத்தேன். அப்புறம் இன்னும் சில தடவை வந்தான், பிறகு ஒரு கிடங்கில் வேலை கிடைத்தது, வருவதில்லை. அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. திரும்ப வராமல் இருப்பதற்குத்தானே அந்த இடம்.

இப்போது நீங்கள் என்ன கேட்பீர்கள் என்று தெரியும்: "அவனுக்குச் சுவிசேஷம் சொன்னியா?" இல்லை அப்பா. ஜெபம் பண்ணட்டுமா என்று சில வேளை கேட்போம், வேண்டும் என்றால் பண்ணுவோம், வேண்டாம் என்றால் டீ ஊற்றிக் கொடுப்போம். பசித்தவன் கையில் அரிசியையும் துண்டுப் பிரதியையும் சேர்த்து வைத்தால், அரிசிக்கு விலை கேட்பது போல் ஆகிவிடும். யாராவது ஏன் இதைச் செய்கிறீர்கள் என்று கேட்டால் மறைக்க மாட்டோம். அதுவே போதும் என்று எனக்குத் தோன்றுகிறது. உங்களுக்குப் போதாது என்று தெரியும், அதை நேரில் பேசுவோம்.

இந்தப் பகுதியில் இது புதுசும் இல்லை. பேருந்தில் போனால் கொஞ்ச தூரத்தில் வாப்பிங் என்று ஓர் இடம், பழைய துறைமுகப் பகுதி. அங்கே சார்லஸ் லவுடர் என்ற குருவானவர் 1850-களில் ஊழியத்துக்கு வந்தார். தூபம், மெழுகுவர்த்தி, பூவேலை செய்த அங்கி என்று ஆராதனையை மிகுந்த மகிமையோடு நடத்த வேண்டும் என்கிற கூட்டத்தைச் சேர்ந்தவர். இதெல்லாம் ரோமன் சபைக்காரர் வேலை என்று ஜனங்களுக்குக் கோபம். 1859, 60-இல் அந்தப் பகுதியில் ஆராதனை நடக்கும்போதே உள்ளே புகுந்து கூச்சல் போட்டுக் கலவரம் பண்ணினார்கள். அப்புறம் 1866-இல் அவர் தூய பேதுரு ஆலயத்தைக் கட்டிப் பிரதிஷ்டை பண்ணிச் சில வாரங்களுக்குள் காலரா வந்தது. வடிகட்டாத தண்ணீரைக் குழாயில் விட்டதன் வினை. கிழக்கு லண்டனில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். லவுடரும் அவரோடு இருந்த கன்னியாஸ்திரீகளும் ஓடிப்போகவில்லை. வீடு வீடாகப் போனார்கள், நோயாளிப் பிள்ளைகளைக் கையில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். நர்ஸாக இருப்பதால் எனக்கு அது என்ன வேலை என்று தெரியும் அப்பா. கையுறை கிடையாது, குளுக்கோஸ் ஏற்ற வழி கிடையாது, வாந்தியும் பேதியும்தான். 1880-இல் அவர் இறந்தபோது, தூபம் கூடாது என்று சண்டை போட்ட அதே பகுதி ஜனங்கள் தெருவெல்லாம் நிறைந்து அழுதார்களாம்.

அவர் தூபத்தை விட்டுவிட்டு சேவைக்குப் போகவில்லை என்பதைக் கவனியுங்கள். இரண்டும் கடைசிவரை இருந்தன. அவர் வழியில் வந்தவர்தான் சான்சிபார் பேராயர் பிராங்க் வெஸ்டன். 1923-இல் லண்டன் ஆல்பர்ட் மண்டபத்தில், பீடத்து நற்கருணையில் இயேசுவைத் தொழுவதற்காகப் போராடிக்கொண்டிருந்த ஜனங்களுக்கு முன்னால் நின்று, சேரியில் கிடக்கிற இயேசுவுக்காக இரங்காவிட்டால் பீடத்து இயேசுவைத் தொழுகிறோம் என்று சொல்லிக்கொள்ள உங்களுக்கு உரிமை இல்லை என்ற பொருளில் பேசினார். கூட்டத்தின் கட்சியைச் சேர்ந்தவரே கூட்டத்தைப் பார்த்துச் சொன்னதால்தான் இன்றுவரை அதைச் சொல்கிறார்கள்.

இங்கே எல்லாம் பொன் என்று நினைத்துவிடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை முதல் வரிசையில் உட்கார்ந்துவிட்டு, புதன்கிழமை கூடத்துப் பக்கமே எட்டிப் பார்க்காதவர்கள் இருக்கிறார்கள். டீ கறை கம்பளத்தில் பட்டுவிட்டது என்று புகார் எழுதியவரும் உண்டு. இன்னொரு பக்கம், கடவுளே இல்லை என்று சொல்லும் ஓர் அம்மா வாராவாரம் எங்களுக்கு முன்னால் வந்து டின்களைத் தேதி பார்த்து அடுக்குகிறார். அவர் அளவுக்கு யாரும் உழைப்பதில்லை. டின் கொடுத்துக்கொண்டே இருந்தால் அரசாங்கத்துக்கு வசதியாகிவிடாதா என்று அவர் கேட்பதும் நியாயம்தான். ஆமோஸ் தீர்க்கதரிசி பாட்டை நிறுத்தச் சொல்லிவிட்டு நியாயத்தைத்தானே கேட்டார். குருவம்மா எங்கள் தொகுதி எம்பிக்குக் கடிதம் எழுதிக்கொண்டே இருக்கிறார்.

நற்கருணை முடிந்ததும் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் சின்னப் பெட்டியில் அப்பத்தை எடுத்துக்கொண்டு, படுக்கையில் கிடக்கிற கிழவர் கிழவிகளின் வீட்டுக்குப் போவார். போகிற இடத்தில் பல்பு எரியவில்லை என்றால் மாற்றிவிட்டு, குப்பைத் தொட்டியை வெளியே வைத்துவிட்டு வருவார். இரண்டாம் நூற்றாண்டில் ரோமில் இருந்த ஜஸ்டின் என்ற கிறிஸ்தவ அறிஞர் எழுதியதிலும் இதுதான் இருக்கிறது: வர முடியாதவர்களுக்கு அப்பத்தை வீட்டுக்கு அனுப்புவார்கள், காணிக்கைப் பணம் அநாதைகளுக்கும் விதவைகளுக்கும் நோயாளிகளுக்கும் சிறையில் இருப்பவர்களுக்கும் ஊருக்குப் புதிதாக வந்தவர்களுக்கும் போகும். ஊருக்குப் புதிதாக வந்தவள் என்ற முறையில் இந்தக் கடைசி வரி எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்த மாதம் இங்கே அறுப்பின் பண்டிகை நடந்தது. வாழைத்தாரும் இல்லை, சேவலும் இல்லை. பீடத்துப் படிகளில் டின்களையும் அரிசிப் பைகளையும் அடுக்கி வைத்து, ஜெபம் பண்ணி, அப்படியே கூடத்துக்குக் கொண்டுபோய்விட்டோம். எனக்கு நம் ஊர்ப் பண்டிகையில் காணிக்கைப் பொருள்களை விடும் ஏலம்தான் கண்ணுக்குள் நின்றது. ஒரு கட்டு முருங்கைக்காயை நீங்கள் ஐந்நூறு ரூபாய்க்கு எடுத்துத் திரும்பக் கொடுக்க, சித்தப்பா அதை எழுநூறுக்கு எடுக்க, அம்மா முறைக்க, அந்தச் சந்தோஷம் இங்கே வராது. ஆனால் அந்தப் பணம் எங்கே போகிறது அப்பா? போன வருஷம் கோபுர விளக்கு. அதற்கு முந்தின வருஷம் கோபுரத்துக்குப் பெயிண்ட். இந்த வருஷம் ஸ்பீக்கர் என்று தம்பி சொல்கிறான்.

நமக்குத் தெரியாத வழியையா சொல்கிறேன்? ஆலய அசன விருந்தில் ஊரெல்லாம், எந்த மதத்துக்காரரானாலும், ஒரே பந்தியில் உட்காருவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். உலை வைக்கும் முன்னால் ஆச்சி ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போடுவதும், ஞாயிற்றுக்கிழமை அது கோயிலுக்குப் போவதும் மறக்கவில்லை. 1903-இல் நம் திருநெல்வேலிக்காரர்கள், பிற்காலத்தில் பேராயரான அசரியா ஐயரோடு சேர்ந்து சொந்தக் காசில் இந்திய மிஷனரி சங்கத்தை ஆரம்பித்ததை ஓய்வுநாள் பள்ளியில் நீங்கள்தான் சொல்லிக் கொடுத்தீர்கள்.

அதனால் ஒன்று கேட்கிறேன். நம் ஊரிலிருந்து பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்கு டயாலிசிஸுக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். சிகிச்சைக்குப் பணம் வேண்டாம், ஆனால் வாரம் இரண்டு மூன்று நாள் போய் வர வேண்டும். கூட ஒரு ஆள் போனால் அன்றைய கூலி போச்சு. காலையில் போனவர்கள் மத்தியானம் டீயும் பன்னும்தான். இந்த வருஷம் ஏலப் பணத்தில் பாதியை அவர்களுடைய பயணத்துக்கும் கூடப் போகிறவர்களின் சாப்பாட்டுக்கும் ஒதுக்க முடியுமா என்று கமிட்டியில் கேளுங்கள். சபையார் மட்டும் என்று வேண்டாம், ஊரில் யாருக்கு வேண்டுமோ அவர்களுக்கு. பெயரை மைக்கில் வாசிக்க வேண்டாம். தயவுசெய்து கமிட்டி அங்கத்தினர் படத்தோடு பிளக்ஸ் போர்டு வைக்க வேண்டாம். நானும் உங்கள் மருமகனும் எங்கள் பங்கைத் தனியாக அனுப்புகிறோம், அதற்கும் ரசீது மட்டும் போதும்.

பொருளாளர் மாமா முதலில் ஒத்துக்கொள்ள மாட்டார். ஸ்பீக்கருக்கு முன்பணம் கொடுத்தாயிற்று என்பார். எவ்வளவு கொடுத்தார்கள் என்று கணக்கைக் கேட்டுவிட்டு அப்புறம் பேசுங்கள். நம் சபைக் குருவானவர் ஐயரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தால் நல்லது. பெண்கள் ஐக்கிய சங்கத்தில் அம்மா பேசினால் காரியம் பாதி முடிந்த மாதிரி. யார் யார் டயாலிசிஸுக்குப் போகிறார்கள் என்று பெயரும், எந்தக் கிழமை போகிறார்கள் என்பதும் எழுதி அனுப்புங்கள், செலவுக் கணக்கை நான் போட்டுத் தருகிறேன்.

அம்மாவுக்கு: முறுக்கு அனுப்ப வேண்டாம், தபால் செலவு முறுக்கைவிட அதிகம். கிறிஸ்துமஸுக்குப் பக்கத்து வீட்டு அண்ணன் வருவதாகச் சொன்னார், முடிந்தால் அவரிடம் ஒரு கிலோ கருப்பட்டி கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்