பின்னங்கால் விஷயத்தில் நீ சொன்னதுதான் சரி

அன்புள்ள தம்பிக்கு,

குல்மார்க்கிலிருந்து நான் அனுப்பிய பனிச்சறுக்குப் பலகை வீடியோவைப் பார்த்துவிட்டு "என்னக்கா, தலைகீழாக் கிடக்குற?" என்று சிரித்தாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம். இதில் உன்னிடம் ஒரு தோல்வியை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. வீட்டில் தனியாகச் சொன்னால் ஆயுசுக்கும் குத்திக்காட்டுவாய், சபையில் சொல்லிவிட்டால் ஒரே நாளில் தீர்ந்துவிடும்.

இரண்டு ராத்திரி விடாமல் பனி. மத்தியத் தரைக்கடல் பக்கமிருந்து வருகிற குளிர்கால மேகங்கள்தான் காஷ்மீருக்குப் பனி கொண்டுவருகின்றன, நமக்கு வடகிழக்குப் பருவமழை மாதிரி அவர்கள் அதற்குக் காத்திருக்கிறார்கள். மூன்றாம் நாள் காலை கதவைத் திறந்தால் படிக்கட்டையே காணவில்லை. சரி, நேராக மலைக்குப் போய்விடலாம் என்று பார்த்தால் கோண்டோலாவின், அதாவது மலைக்கு ஏற்றிவிடுகிற கம்பிவட வண்டியின், மேல்பகுதி மூடிக் கிடந்தது. பனிச்சரிவு ஆபத்து இல்லை என்று ரோந்துக்காரர்கள் உறுதி செய்யும்வரை நடுவழி நிலையமான கொங்டூரிக்கு மேலே யாரையும் விடமாட்டார்கள். அங்கேயே மேகி தின்றுகொண்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தோம், அங்கே இருந்த எல்லோருக்கும் நம் ஊர் ரேஷன் கடை வரிசையின் முகம்.

திறந்தார்கள். 2,650 மீட்டரில் இருக்கிற குல்மார்க்கிலிருந்து அஃபர்வத் மலைத்தோளில் ஏறத்தாழ 4,000 மீட்டர்வரை கொண்டுபோய் விடுகிறார்கள். அங்கே குனிந்து பூட்ஸைப் பலகையில் மாட்டுவதற்குள்ளேயே மூச்சு வாங்கியது. அந்தப் பனியைக் கையில் அள்ளிப் பிடித்துப் பார்த்தேன், பிடிபடவில்லை, சலித்த அரிசிமாவு போல விரலிடுக்கில் வழிந்துவிட்டது. பவுடர் என்று அதற்குச் சும்மா பேர் வைக்கவில்லை.

இப்போது உன் விஷயம். போன வருஷம் கோவளத்தில் அலைப்பலகையில் நிற்கத் தெரியாமல் நான் உப்புத்தண்ணீர் குடித்தபோது "பின்னங்காலை நம்புக்கா" என்றாய், நானோ, மூன்று சீசனாகப் பனிச்சறுக்கு போகிறவளுக்கே பாடமா என்று கேட்டேன். இயந்திரம் வைத்து அழுத்திச் சமன்செய்த சரிவில் உடம்பின் எடையெல்லாம் முன்னங்காலில்தான், பயிற்சியாளர் அதையே மந்திரம் போல ஓதுவார். அதே நம்பிக்கையோடு தொடையளவுப் பனிக்குள் இறங்கினேன். ஐந்தாவது நொடியில் பலகையின் மூக்கு உள்ளே புதைந்தது, பலகை நின்றது, நான் நிற்கவில்லை. மீதியைத்தான் வீடியோவில் பார்த்துவிட்டாயே.

விழுந்தது வலிக்கவே இல்லை, எழுந்ததுதான் வலி. கையை ஊன்றினால் தோள்வரை போகிறது, அடி தட்டவில்லை. பலகையைக் கழற்றிவிட்டு நடக்கலாம் என்று பக்கிளில் கை வைத்தேன், வழிகாட்டி கத்தினார்: கழற்றினால் இடுப்புவரை இறங்கிவிடுவாய். மல்லாந்து புரண்டு, பலகையைப் பள்ளத்துப் பக்கம் கொண்டுவந்து, அதை வைத்தே பனியை மிதித்து இறுக்கி எழுவதற்குப் பத்து நிமிஷம் ஆனது. பிறகு அந்த மனிதர் சட்டைப்பையிலிருந்து ஸ்க்ரூடிரைவர் எடுத்து, பூட்ஸைப் பலகையோடு பிணைக்கிற என் பைண்டிங்குகள் இரண்டையும் ஒரு துளை பின்னால் தள்ளி மாட்டிவிட்டுச் சொன்னது ஒரே வார்த்தை: "பீச்சே, பீச்சே." பின்னால், பின்னால் என்று. உன் குரல்தான் கேட்டது, போ.

பின்னால் சாய்ந்தேன், மூக்கு மேலே வந்தது. அதற்குப் பிறகு நடந்ததை எப்படிச் சொல்வது? சாதாரணச் சரிவில் பலகையின் விளிம்பு கர்ரென்று உரசிக்கொண்டே வரும், இங்கே அந்தச் சத்தமே இல்லை, என் மூச்சு மட்டும். திரும்பும்போதெல்லாம் பனி நெஞ்சுவரை எழும்பி முகத்தில் விழுகிறது, ஒரு கணம் குருடாகி மறுகணம் வெளியே வருகிறாய். வேகத்தைக் குறைக்கத்தான் பயப்பட வேண்டும், மெதுவாகப் போனால் புதைந்துவிடுவாய். பின்னங்காலின் தொடை மட்டும் அடுப்பில் வைத்த மாதிரி எரிந்தது.

அடுத்த சீசனுக்கு நீயும் வருகிறேன் என்றதால் இதையும் சொல்லிவிடுகிறேன். கோண்டோலாவுக்குக் கீழே இருக்கிற கிண்ணம் போன்ற சரிவைத்தான் ரோந்துக்காரர்கள் கவனிக்கிறார்கள், அதைத் தாண்டினால் காட்டு மலை. 2023 பிப்ரவரி 1 அன்று அஃபர்வத்தில் பனிச்சரிவு வந்து போலந்துக்காரர்கள் இரண்டு பேர் இறந்துபோனார்கள். கடலுக்குத் தனியாகப் போகிற உன் வீரமெல்லாம் அங்கே செல்லாது. பனியில் புதைந்தவரைத் தேட உதவும் சிக்னல் கருவியான பீக்கன், மண்வெட்டி, குத்திப் பார்க்கிற கம்பி மூன்றையும் முதுகில் சுமந்துகொண்டு, அவற்றைப் பயன்படுத்தத் தெரிந்த ஆளோடுதான் போக வேண்டும். பீக்கன் வைத்துத் தேடுவதை முந்தின நாளே இரண்டு தடவை பழகிக்கொள்.

கடைசி இறக்கம் மரங்களுக்கு நடுவே பாபா ரேஷி தர்கா பக்கம், அங்கிருந்து ஜீப்பில் திரும்பினோம். ஓட்டுநர் வாங்கிக் கொடுத்த நூன் சாய் ரோஜா நிறத்தில் உப்புக் கரித்தது. இரண்டு கோப்பை குடித்தேன்.

அப்புறம், உன் சாம்பல் நிற ஜெர்கின். அந்த முதல் விழுதலில் ஜிப் போய்விட்டது. தைக்கக் கொடுத்திருக்கிறேன், அம்மாவிடம் சொல்லாதே.

அக்கா