ஏப்ரல் 24 ஏன் லீவு என்று கேட்டாயே, அம்மா

க்ளெண்டேல், கலிபோர்னியா
மே 4

அன்புள்ள அம்மாவுக்கு,

நாங்கள் எல்லோரும் நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறாதே என்று எத்தனை முறை சொன்னாலும் நீ கேட்கப் போவதில்லை, தெரியும். வடாம் போடுகிற வேலையையாவது தம்பி மனைவியிடம் விட்டுவிடு.

போன வாரம் போனில், "ஏப்ரல் 24 என்னடி பண்டிகை, பள்ளிக்கூடத்துக்கெல்லாம் லீவு?" என்று கேட்டாய். பண்டிகை இல்லை அம்மா, துக்க நாள் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் குழந்தை அழ ஆரம்பித்துவிட்டாள், போனை வைத்துவிட்டேன். இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்கிற விஷயமும் இல்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

இந்த ஊரில் மூன்றில் ஒருவருக்கும் மேல் ஆர்மீனியர்கள். பேக்கரி, பல் டாக்டர், நகைக்கடை, எங்கு பார்த்தாலும் அவர்கள் எழுத்தில்தான் பலகை. அந்த எழுத்துகளை 405-ம் ஆண்டு வாக்கில் மெஸ்ரோப் மாஷ்தோட்ஸ் என்ற துறவி உருவாக்கினாராம். நாம் சாமி படம் மாட்டுகிற மாதிரி பல வீடுகளில் நெடுங்கணக்கைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பாட்டி வெயில் நாளில் 'தான்' என்று ஒன்று கொடுப்பார். குடித்துப் பார்த்தால் உப்புப் போட்ட நீர்மோர்! பெருங்காயம், கறிவேப்பிலை மட்டும்தான் இல்லை. நாம் 'கண்ணு' சேர்த்துக் கூப்பிடுவது போல அவர் என் பெயரோடு 'ஜான்' சேர்த்துக் கூப்பிடுவார்.

இவர்களில் பலரின் முன்னோர்கள் ஒட்டோமான் பேரரசில், இன்றைய துருக்கியின் கிழக்குப் பகுதியில், ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக வாழ்ந்தவர்கள். கிறிஸ்தவர்கள். 1894 முதல் 1896 வரை சுல்தான் காலத்திலும், 1909-ல் அதானா ஊரிலும் ஏற்கெனவே பெரிய படுகொலைகள் நடந்திருந்தன. அப்புறம் முதல் உலகப்போர் வந்தது. ஆட்சியைப் பிடித்திருந்த 'இளந்துருக்கியர்கள்' என்ற அரசியல் இயக்கத்தினர் ரஷ்யாவோடு மோதி, 1915 ஜனவரியில் சாரிகாமிஷ் என்ற இடத்தில் படுதோல்வி அடைந்தார்கள். பழியை ஆர்மீனியர்கள்மேல் போட்டார்கள். அந்த ஏப்ரல் 24-ம் தேதி இரவு, இன்று இஸ்தான்புல் என்று சொல்கிற கான்ஸ்டான்டினோபிளில், ஆர்மீனியக் கவிஞர்கள், பத்திரிகைக்காரர்கள், வக்கீல்கள், பாதிரியார்கள் என்று இருநூறு பேருக்கு மேல் வீட்டுக் கதவைத் தட்டி அழைத்துப்போனார்கள். பெரும்பாலானவர்கள் திரும்பவில்லை. ஊர் ஊராக நடந்துபோய் நாட்டுப்பாடல்களைச் சேகரித்த கோமிதாஸ் என்ற துறவியும் அன்று பிடிபட்டார். அவரையும் இன்னும் சிலரையும் சில வாரங்களில் விட்டுவிட்டார்கள். ஆனால் அவர் மனம் உடைந்துவிட்டது. 1935-ல் பாரிஸ் அருகே ஒரு மனநல மருத்துவமனையில் இறந்தார்.

பிறகு ஊர் ஊராக ஜனங்களைக் கிளப்பினார்கள். ஆண்களைத் தனியே பிரித்து ஊருக்கு வெளியே கொன்றார்கள். பெண்களையும் குழந்தைகளையும் சிரியப் பாலைவனத்தில் தெர் சோர் என்ற ஊர் வரை நடக்க வைத்தார்கள். வழியெல்லாம் பசி, கொள்ளை, கடத்தல். செத்தவர்கள் பத்து லட்சத்துக்குக் குறையாது என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கணக்கு. ஆர்மீனியர்கள் சொல்வது 15 லட்சம். என் மாணவர்களின் வீடுகளில் இதற்கு 'அக்சோர்' என்று பெயர். நாட்டைவிட்டுத் துரத்துவது என்று அர்த்தம்.

இதைத்தான் நான் பத்தாம் வகுப்புக்குப் பாடமாக நடத்துகிறேன். கலிபோர்னியாப் பாடத்திட்டத்திலேயே இது இருக்கிறது. முதல் வருஷம் நான் செய்த ஒரு தப்பை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை.

அப்போது வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. பிள்ளைகளைப் பேச வைக்க எனக்குத் தெரிந்த ஒரே நல்ல வழி பட்டிமன்றம். பொங்கலுக்கு டிவி முன்னால் உட்கார்ந்து பார்த்து வளர்ந்தவள்தானே. 'நடந்தது இனப்படுகொலையா, போர்க்கால இழப்பா?' என்று தலைப்புக் கொடுத்து வகுப்பை இரண்டாகப் பிரித்தேன். துருக்கி அரசு இன்றுவரை இது திட்டமிட்ட அழிப்பு இல்லை, போரில் எல்லாப் பக்கமும் சாவு நேர்ந்தது என்றுதான் சொல்கிறது. அதனால் இரண்டு பக்கமும் கேட்பதுதான் நியாயம் என்று நினைத்தேன். வரிசைப்படி எண்ணிப் பிரித்ததில் ஒரு ஆர்மீனியப் பையன் 'போர்க்கால இழப்பு' அணியில் விழுந்தான். அவன் முறை வந்ததும் எழுந்து நின்றான். கையில் காகிதம் இருந்தது, படிக்கவில்லை.

"என் கொள்ளுப்பாட்டியை எந்தப் பக்கத்தில் உட்கார வைப்பது, மிஸ்?" என்று கேட்டான்.

கோபமாகக் கேட்கவில்லை அம்மா. நிஜமாகவே பதில் வேண்டும் என்பது போலக் கேட்டான். எனக்கு வாய் வரவில்லை. அன்று இரவு சாப்பிடாமல் படுத்தேன். மறுநாள் எல்லோர் முன்னாலும் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் அம்மாவுக்குப் போன் செய்து அவரிடமும் கேட்டேன். "நீங்கள் எங்களவர் இல்லை, உங்களுக்குத் தெரிந்திருக்காது" என்றார் அவர். சமாதானமாகச் சொன்னார். எனக்கு அதுதான் அதிகம் வலித்தது. தெரியாது என்பது டீச்சருக்கு ஒரு சாக்கா?

பட்டிமன்றத்தில் நடுவர் தீர்ப்பு எப்படியும் போகலாம். நடந்த கொலையை அப்படி ஒரு தீர்ப்புக்கு விட்டதுதான் நான் செய்த தப்பு. அதற்காக வகுப்பில் வாக்குவாதமே கூடாது என்று ஆகிவிடாது. அதற்கென்று வேறு கேள்விகள் இருக்கின்றன, கூர்மையான கேள்விகள். அவற்றைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வருஷம் ஆனது.

இப்போது முதல் நாள் நான் எண்ணிக்கையே சொல்வதில்லை. கோமிதாஸ் சேகரித்த பாட்டு ஒன்றைப் போட்டுக் கேட்க வைப்பேன். இரண்டாம் நாள், 1915 மே மாதம் அந்த அரசு கொண்டுவந்த நாடுகடத்தல் சட்டத்தின் மொழிபெயர்ப்பைக் கையில் கொடுத்து, 'ஆர்மீனியர்' என்ற சொல் எங்கே வருகிறது என்று தேடச் சொல்வேன். பென்சிலை வைத்துக்கொண்டு தேடுவார்கள். கிடைக்காது. ஏனென்றால் அந்தச் சட்டத்தில் அந்தச் சொல்லே இல்லை. உளவும் துரோகமும் செய்வதாகச் சந்தேகம் இருந்தால் ஊர்மக்களை வேறிடத்துக்கு அனுப்பலாம் என்றுதான் இருக்கும். யாரை என்று இருக்காது. அதற்குப் பின்னால் சொத்து பற்றிய சட்டம் ஒன்று வந்தது. வீடு, நிலம், கடை, ஆட்டுமந்தை எல்லாவற்றுக்கும் அதில் 'கைவிடப்பட்ட சொத்து' என்று பெயர். போன வருஷம் ஒரு பெண், "கைவிட்டது யார்? துப்பாக்கியை வைத்து வெளியே தள்ளினால் அது கைவிட்டதா?" என்று கேட்டாள். இந்த ஒரு சொல்லைப் பற்றியே ஒரு மணி நேரம் பேசினார்கள்.

மூன்றாம் நாள் சாட்சிகள். அமெரிக்கத் தூதர் ஹென்றி மோர்கந்தாவ் 1915 ஜூலையிலேயே, ஒரு இனத்தையே அழிக்கும் வேலை நடக்கிறது என்று வாஷிங்டனுக்குத் தந்தி அனுப்பினார். ஜெர்மனி துருக்கியின் கூட்டாளி நாடு. அப்படியிருந்தும் ஆர்மின் வெக்னர் என்ற ஜெர்மன் ராணுவ மருத்துவ ஊழியர், தடையை மீறி அகதிகளைப் போட்டோ எடுத்து வைத்தார். அவற்றில் மூன்று படங்கள்தான் காட்டுவேன், அதுவும் முந்தின நாளே சொல்லிவிட்டு. பார்க்க முடியாதவர்கள் வெளியே போய் உட்காரலாம். பிள்ளைகளை வரிசையாக நடக்க வைத்து 'அகதி ஊர்வலம்' நடிக்கச் சொல்கிற பழக்கம் சில இடங்களில் உண்டு என்று கேள்வி. என் வகுப்பில் அது கிடையாது. அந்தப் பசியை யாரும் நடித்துக் காட்ட முடியாது.

கடைசியில் வாக்குவாதத்துக்கு லெம்கின் கதை. 1921-ல் பெர்லின் தெருவில் சோகோமோன் தெஹ்லிரியான் என்ற ஆர்மீனிய இளைஞர் தலாத் பாஷாவைச் சுட்டுக் கொன்றார். நாடுகடத்தலுக்கு உத்தரவு போட்ட அமைச்சர் அந்த தலாத்தான். நீதிமன்றம் இளைஞரை விடுதலை செய்தது. அதைப் படித்த போலந்து மாணவர் ராபேல் லெம்கின் தன் பேராசிரியரிடம், ஒருவரைக் கொன்றவனைப் பிடிக்கச் சட்டம் இருக்கிறது, லட்சக்கணக்கானவர்களைக் கொன்றவனைப் பிடிக்க ஏன் இல்லை என்று கேட்டார். தன் கோழிகளைக் கொல்லும் பண்ணைக்காரனை யார் கேட்பது என்பது போலப் பதில் வந்ததாம். அந்தப் பதிலை லெம்கின் வாழ்நாளெல்லாம் மறக்கவில்லை. 1944-ல் இனப்படுகொலையைக் குறிக்கும் 'ஜெனோசைட்' என்ற சொல்லை உருவாக்கியவர் அவர்தான். 1948-ல் அது ஐ.நா. ஒப்பந்தமாக வந்தது. தெஹ்லிரியான் செய்தது சரியா, சொல் பிறப்பதற்கு முன் நடந்ததை அந்தச் சொல்லால் அழைக்கலாமா, தந்தி கிடைத்த பிறகும் அமெரிக்கா ஏன் போரில் இறங்கித் தடுக்கவில்லை, இதற்கெல்லாம் என் பிள்ளைகள் மேஜையைத் தட்டிப் பேசுவார்கள். பேசட்டும்.

இந்த வருஷம் வகுப்பில் ஒரு துருக்கிப் பெண் இருக்கிறாள். நல்ல பிள்ளை, அதிகம் பேச மாட்டாள். பாடம் ஆரம்பித்ததிலிருந்து தலை நிமிரவே இல்லை. நான் 'துருக்கியர்கள் கொன்றார்கள்' என்று ஒருபோதும் சொல்வதில்லை. 'ஒட்டோமான் அரசு' என்றுதான் சொல்வேன், பிள்ளைகள் வாயிலிருந்து மாறி வந்தாலும் திருத்துவேன். ஆனாலும் அவளுக்குத் தாங்கவில்லை. மூன்றாம் நாள் எல்லோரும் போன பிறகு வந்து, "நான் வெட்கப்பட வேண்டுமா, மிஸ்?" என்றாள்.

நான் அவளுக்கு ஜெலால் பேயைப் பற்றிச் சொன்னேன். அவர் 1915-ல் அலெப்போவில் ஒட்டோமான் ஆளுநர். நாடுகடத்த மாட்டேன் என்று எதிர்த்தார், கோன்யாவுக்கு மாற்றினார்கள். அங்கேயும் தன்னால் முடிந்தவரை ஆர்மீனியர்களை அனுப்பாமல் தடுத்தார், பதவியே போனது. ஆற்றங்கரையில் கையில் ஒன்றுமில்லாமல் உட்கார்ந்து, அடித்துக்கொண்டு போகிறவர்களில் கைக்கு எட்டியவர்களை மட்டும் பிடித்தேன் என்ற பொருளில் பின்னாளில் எழுதி வைத்தார். ஹ்ராந்த் தின்க்கைப் பற்றியும் சொன்னேன். இஸ்தான்புல்லில் பத்திரிகை நடத்திய ஆர்மீனியர், 2007 ஜனவரியில் தன் அலுவலக வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் இறுதி ஊர்வலத்தில் ஆயிரமாயிரம் துருக்கியர்கள் 'நாங்கள் எல்லோரும் ஆர்மீனியர்கள்' என்று பலகை பிடித்து நடந்தார்கள். அவள் அழுதாள். நானும்தான். மறுநாள் அவளாகவே கேட்டு, ஜெலால் பேயைப் பற்றி வகுப்பில் ஐந்து நிமிடம் பேசினாள். பேசி முடித்து உட்கார்ந்ததும் முன் வரிசையிலிருந்த ஆர்மீனியப் பெண் திரும்பி, அவர் பெயரை எப்படி எழுதுவது என்று கேட்டுக் குறித்துக்கொண்டாள்.

சரி, இப்போது உனக்கு ஒரு வேலை.

மார்ச் மாதம் பெற்றோர் கூட்டத்துக்கு ஒரு தாத்தா வந்திருந்தார். எண்பது வயது இருக்கும், பெய்ரூட்டில் பிறந்தவர். அவர் அம்மா பாலைவனத்தில் தப்பி, அநாதை விடுதியில் தையல் கற்று வளர்ந்தவராம். 'இந்தியாக்காரிக்கு எங்கள் கதை எப்படித் தெரியும்' என்ற பார்வையோடுதான் உட்கார்ந்திருந்தார். எந்த ஊர் என்று கேட்டார். மெட்ராஸ் என்றேன். எழுந்து நின்றுவிட்டார் அம்மா! "மத்ராஸ்! அஸ்தரார்!" என்றார். உலகத்திலேயே முதல் ஆர்மீனிய மொழிப் பத்திரிகை 'அஸ்தரார்', 1794-ல் நம்ம ஊரில்தான் அச்சானது. நடத்தியவர் ஹருத்யூன் ஷ்மாவோன்யான், ஈரானின் ஷிராஸிலிருந்து வந்த பாதிரியார். நான் பிறந்து வளர்ந்த ஊர், எனக்கே தெரியாது. நீ செவ்வாய்க்கிழமை அந்தோணியார் கோயிலுக்குப் போவாயே, அரண்மனைக்காரன் தெரு, அது ஆர்மீனியன் தெருதான், வாயில் திரிந்து அரண்மனை ஆகிவிட்டது. பரங்கிமலையில் நீ மூச்சு வாங்கிக்கொண்டு ஏறினாயே, அந்தப் படிகளைக் கட்டித்தந்தவர் கோஜா பெத்ரூஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வியாபாரி. சைதாப்பேட்டையில் அடையாற்றுக்குக் குறுக்கே 1726-ல் முதல் பாலம் கட்டியவரும் அவரே. தாத்தாவிடம் இதைச் சொன்னதும் என் கையைப் பிடித்துக்கொண்டார், விடவே இல்லை.

அந்தோணியார் கோயிலுக்குப் பக்கத்திலேயே ஆர்மீனியக் கோயில் இருக்கிறது, மணிக்கூண்டில் ஆறு மணிகள். நீ அதன் வாசலை எத்தனை முறை கடந்திருப்பாய். ஞாயிற்றுக்கிழமை காலையில் மணி அடிப்பார்கள் என்று கேள்விப்பட்டேன். தம்பியைக் கூட்டிக்கொண்டு போய், அந்தச் சத்தத்தை அவன் போனில் ரெகார்டு செய்து அனுப்பச் சொல். தாத்தா கேட்டிருக்கிறார். உள்ளே தரையெல்லாம் கல்லறைக் கற்களாக இருக்குமாம், மிதிக்காமல் ஓரமாக நட. முடிந்தால் போட்டோவும் எடுக்கச் சொல். ஆட்டோவிலேயே போ, பஸ்ஸில் ஏறாதே.

குழந்தை இப்போது 'பாட்டி' என்று தெளிவாகச் சொல்கிறாள்.

அன்புடன்,
உன் பெரியவள்