கட்டம் நேர், இழை கோணல்: பொப்ளின் துணியை மாற்றித் தரக் கோரல்

களுவாஞ்சிகுடி,
மட்டக்களப்பு மாவட்டம்.

முகாமையாளர்,
விற்பனைப் பிரிவு.

ஐயா,

உங்கள் மட்டக்களப்பு முகவரிடம் வாங்கிய நீலக் கட்டப் பொப்ளின் ரோல் இரண்டையும் திருப்பி எடுத்துக்கொண்டு, நல்ல துணி தரும்படி கேட்கிறேன். பற்றுச்சீட்டின் பிரதியும் கிழித்த துண்டொன்றும் இத்துடன் உள்ளன.

பாசிக்குடா விடுதிகளுக்குத் துண்டு பொருத்திய படுக்கை விரிப்பு தைத்துக் கொடுப்பது என் தொழில். எந்தத் துணி வந்தாலும் முதலில் கரையில், அதாவது துணியின் நெய்த நீள ஓரத்தில், சின்னதாக வெட்டிவிட்டுக் கையால் குறுக்கே கிழிப்பேன். பொப்ளின், கரைக்குக் கரை குறுக்கே ஓடும் ஊடை இழை வழியேதான் கிழியும். உங்கள் துணியும் அப்படித்தான் கிழிந்தது. ஆனால் கரையோடு கரை சேர்த்து மடித்தால், கிழிந்த ஓரத்தின் ஒரு முனை மற்றதைவிட 3 அங்குலம் இறங்கி நிற்கிறது. 44 அங்குல அகலத்துக்கு 3 அங்குலம்! அச்சடித்த கட்டமோ கரைக்குப் பிசகில்லாமல் நேராக இருக்கிறது.

இதில் நான் எதைப் பார்த்து வெட்டுவது? கட்டத்தைப் பார்த்து வெட்டினால் ஓரம் இழைக்குக் குறுக்கே போய், தைக்கும்போது இழுபட்டு அலை அலையாக வரும். இழையைப் பார்த்து வெட்டினால் கட்டம் சாயும். பூப்போட்ட சீத்தை என்றால் யாருக்கும் தெரியாது, சரி என்று விட்டிருப்பேன். கட்டத்தில் ஒளிக்க இடமில்லை.

மூலைக்கு மூலை இழுத்து அயன் பண்ணச் சொன்னார், தொலைபேசியில் பேசிய தம்பி. தனிப் பருத்திக்கு அந்த வைத்தியம் பலிக்கும். இது பொலியெஸ்டர் கலந்தது என்று ரோலிலேயே எழுதியிருக்கிறது. ஆலையில் துணியை விரித்துச் சூடு கொடுக்கும்போது ஒரு கரை முந்தி, மற்றது பிந்தி ஓடியிருக்க வேண்டும். அந்தச் சூட்டில் இறுகிய சரிவு என் அயன்பெட்டிக்கு அசையாது. அசைந்தாலும் இழை நேராகும்போது கட்டம் சரியுமே, அதை யோசித்தீர்களா?

மருதமுனைக் கைத்தறித் துணியும் வாங்குகிறேன். கரை கொஞ்சம் முரடாக இருக்கும். இந்தக் கோணல் இருந்ததில்லை.

“வெட்டிய துணி எடுக்க மாட்டோம்” என்கிறார் முகவர். ஓரத்தில் ஒரு துண்டு கிழித்ததைத் தவிர மற்றதெல்லாம் ரோலாகவே இருக்கிறது. கிழிக்காமலோ ஓர் இழையை உருவி எடுக்காமலோ இந்தக் குறை வெளியே வராது. மாற்றுத் துணி இல்லாவிட்டால் முழுப் பணத்தையும் தாருங்கள். லொறிக் கூலியும் உங்கள் பொறுப்பு. அனுப்பும் துணியின் ஓரத்தைக் கிழித்து, இரு கரையும் சேர்த்துப் பார்த்த பிறகே ஏற்றுங்கள்.

இரண்டு கிழமைக்குள் பதில் வராவிட்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையிடம் முறையிடுவேன்.

இப்படிக்கு,
தையலகப் பொறுப்பாளர்