வளைவு பொருந்தினால் போதுமா?

அன்புள்ள மச்சான்,

பதில் போடத் தாமதமாகிவிட்டது, திட்டாதே. வீட்டில் எல்லோரும் நலம். பெரியவர் ஓய்வு பெற்றும் தினமும் லேபுக்கு வந்து பையன்களை மிரட்டுகிறார். நீ சொன்ன கல்யாணத்துக்குக் கட்டாயம் வருகிறேன்.

இப்போது எழுதுவதற்குக் காரணம் வேறு. 2003-இல் மாஸ்டா ஆர்எக்ஸ்-8 காரின் பின்கதவில் உராய்வு ஸ்பாட் வெல்டிங்கை (சுழலும் டூலின் நுனியில் உள்ள பின் என்ற சிறு முளையை ஷீட்டில் அழுத்தி, உராய்வுச் சூட்டில் புள்ளி புள்ளியாக ஒட்டும் முறையை) போட்டபோது, "அலுமினியத்தை உருக்காமலே ஒட்டிவிட்டார்கள்" என்று கேன்டீனில் கத்தினாயே, அதே சமாச்சாரம்தான். எங்கள் பையன் ஒருவன் 6061 என்ற அலுமினியக் கலவை ஷீட்டுக்கு வெப்ப சிமுலேஷன் செய்திருக்கிறான். கணக்கு சொல்லும் வெப்பநிலை வளைவு, தெர்மோகப்பிள் (வெப்பநிலை அளக்கும் கம்பி) காட்டிய வளைவின்மேல் அச்சாக உட்காருகிறது. எல்லோருக்கும் சந்தோஷம். எனக்குத்தான் தூக்கம் போயிற்று.

உராய்வின் அளவைச் சொல்லும் உராய்வுக் கெழுவை ஒரே எண்ணாக வைத்தால் சூடு ஏறிக்கொண்டே போய் 582 டிகிரியைத் தாண்டும், கணினியில் ஷீட் உருக ஆரம்பித்துவிடும். நிஜத்தில் அப்படி நடப்பதில்லையே! அலுமினியம் இளக இளக டூலோடு ஒட்டிச் சுழல்கிறது, அடுக்குகள் நழுவுவதை எதிர்க்கும் அதன் வெட்டுவலிமை குறைகிறது, வெப்பமும் தானாகக் குறைகிறது. பையன் கெழுவைக் குறைத்தான். ஷீட்டை அடியில் தாங்கும் எஃகு அன்வில்லுக்குப் போகும் வெப்பத்தையும் கொஞ்சம் மாற்றினான். இரண்டு திருகு, ஒரே வளைவு. வேறு ஜோடி எண்களுக்கும் ஏறக்குறைய அதே வளைவு வரும். ஆனால் டூலின் பின்னுக்கு அடியில், தெர்மோகப்பிளை வைக்கவே முடியாத இடத்தில், வெப்பநிலை மாறிவிடும். ஷீட் எவ்வளவு இளகிப்போகும் என்பதை அதுதானே முடிவு செய்கிறது? அந்த எண்ணை நம்பி நாளைக்கு ஒருவன் கதவு செய்வான், மச்சான்.

கெழுவை ஏன் ஊகிக்க வேண்டும்? டூலைச் சுழற்றும் ஸ்பிண்டிலின் டார்க்கை (முறுக்குவிசையை) அள. 10 நியூட்டன் மீட்டர், நிமிடத்துக்கு 1500 சுற்று என்றால் சுமார் 1570 வாட், அநேகமாக முழுவதும் வெப்பம்தான். அதில் டூலுக்குள் ஏறுவதைக் கழிக்க வேண்டும். அன்வில்லுக்குப் போவதை, டூல் வெளியே வந்தபின் ஷீட் ஆறும் வளைவிலிருந்து எடுக்கலாம் என்கிறார் நம்ம தாடி. எனக்கு ஒப்பவில்லை. டூல் தூக்கியதும் அழுத்தம் போய்விடும், ஷீட் அன்வில்லை விட்டு லேசாக எழும்பும். அந்த எண் அழுத்தியிருக்கும் நேரத்துக்குப் பொருந்தாது. அன்வில்லுக்குள்ளேயே துளை போட்டு, பின்னுக்கு நேர் கீழே ஒரு தெர்மோகப்பிள் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

உங்கள் மெஷினில் டார்க்கை அளக்கும் டார்க் செல் இருக்கிறதல்லவா? அந்தப் பதிவுகளை அனுப்பிவை. பையன் அடுத்த மாதம் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கிறான், அதற்குள் வேண்டும்.

அன்புடன்,
உன் ரூம்மேட்